கடலில்லா ஊரிலிருந்து கடற்பறவை பார்ப்பது

வீரகேரளம்புதூரில் அனுமன் நதி சிற்றாற்றோடு சேர்கிறது. குற்றால மலையிலிருந்து இறங்கிவரும் சிற்றாறு சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலுக்குள் போகிறது. ஆற்றுக்கு வழி தெரியும். கரையில் இருக்கும் நமக்குத்தான் கடல் தூரம். தூத்துக்குடிக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கடலை முதன்முதலில் பார்ப்பது திருச்செந்தூரில், மொட்டை போட்டுக் காது குத்தும் நாளில். அன்று அலையைக் காட்டுவோம், நாழிக்கிணற்றைக் காட்டுவோம். தலைக்கு மேலே போகிற ஆலாப் பறவையைப் பிள்ளைக்கு யாரும் காட்டிக் கொடுப்பதில்லை.

இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட ஊர்களில் இருப்பவர்களுக்கானது. கையில் ஒரு செல்போனும் ஓரளவு இணைய வசதியும் இருந்தால், உலகத்தின் கடற்கரைகளிலும் தீவுகளிலும் நிறுத்தியிருக்கும் நேரலைக் கேமராக்கள் வழியாகக் கடற்பறவைகளையும் கடல் உயிர்களையும் நாள்தோறும் பார்க்கலாம். எப்படிப் பார்ப்பது, எந்த நேரத்தில் பார்ப்பது, எதை நம்புவது, எதை எழுதி வைப்பது என்பதைச் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பத்துக் கேமராவை மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்குப் பொழுது போகும், அவ்வளவுதான். ஒரே கூட்டை மூன்று மாதம் பார்ப்பவருக்குப் பறவை தெரியவரும்.

எந்தக் கூட்டில் தொடங்குவது

என் பரிந்துரை நியூசிலாந்தின் அல்பட்ராஸ் கூடு. டனீடின் நகரத்தை ஒட்டிய ஒட்டாகோ தீபகற்பத்தின் நுனியில் டயரோவா முனை இருக்கிறது. மாவோரி மக்கள் அதைப் புகெகுரா என்கிறார்கள். வடக்கத்தி ராயல் அல்பட்ராஸ்கள் அங்கே புல்மேட்டில் கூடு வைக்கின்றன. அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை 2016 முதல் ஒரு கூட்டின் மீது கேமரா வைத்து ஒளிபரப்புகிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் இதில் கைகோத்திருக்கிறது. யூடியூபில் 'ராயல் கேம் அல்பட்ராஸ்' என்று தேடினால் கிடைக்கும்.

இதில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அல்பட்ராஸ் எதையும் அவசரமாகச் செய்வதில்லை. நவம்பர் வாக்கில் ஒரே ஒரு முட்டை இடும். தாயும் தகப்பனும் முறை வைத்து ஏறத்தாழ பதினோரு வாரம் அடைகாக்கும். ஜனவரிக் கடைசியில் குஞ்சு வெளிவரும். அது பறக்கும் பருவத்துக்கு வர எட்டு மாதம் ஆகும். ஆகவே நீங்கள் பொங்கலுக்குப் பார்க்கத் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் ஒரே உயிரின் வளர்ச்சியை விடாமல் தொடரலாம். முதல் சில வாரங்கள் பெற்றோரில் ஒன்று குஞ்சை விட்டு அகலாது. அதன் பிறகு இரண்டுமே கடலுக்குப் போய்விடும். குஞ்சு தனியே மேட்டில் உட்கார்ந்திருக்கும். பார்க்கிற நமக்குப் பதைக்கும், ஆனால் அதுதான் அதன் இயல்பு. பிறகு ஒரு நாள் மூன்று மீட்டர் அகலச் சிறகோடு தாய் வந்து இறங்கும். ஐந்து நிமிடம் இரை கொடுத்துவிட்டுப் போய்விடும். அந்த ஐந்து நிமிடத்தை நேரலையில் பிடித்த அன்று உங்களுக்குச் சோறு இறங்காது.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. டயரோவா முனையில் முட்டைகளை மனிதர்கள் எடுத்தார்கள், நாய்களும் பூனைகளும் குஞ்சுகளைத் தின்றன. பள்ளிகளில் வேளாண்மை கற்பித்து வந்த லான்ஸ் ரிச்டேல் என்பவர் அங்கேயே தங்கிக் காவல் காத்தார். 1938-இல்தான் அங்கே பிறந்த ஒரு குஞ்சு முதன்முதலாகப் பத்திரமாகப் பறந்து போனது. இன்று நாம் திரையில் பார்ப்பது அந்தக் காவலின் தொடர்ச்சி. இப்போதும் பாதுகாவலர்கள் வாரந்தோறும் குஞ்சைத் தூக்கி எடை போடுகிறார்கள். வெயில் கடுமையான நாளில் தண்ணீர் தெளிப்பான் வைத்துக் கூட்டைக் குளிர வைக்கிறார்கள். எடை போடும் காட்சி கிடைத்தால் விடாதீர்கள். வளர்ந்த குஞ்சு ஒரு கட்டத்தில் பெற்றோரைவிடக் கனமாக இருக்கும்.

இரண்டாவதாகச் சொல்வது பெர்முடாவின் கஹாவ். அட்லாண்டிக் நடுவே இருக்கும் அந்தச் சின்னத் தீவுக்கூட்டத்தில் மட்டுமே கூடு வைக்கும் பறவை இது. குடியேற வந்தவர்கள் அதைப் பிடித்துத் தின்றார்கள். கப்பல்களில் வந்திறங்கிய பன்றிகளும் எலிகளும் மிச்சத்தை முடித்தன. 1620-களிலேயே அழிந்துபோனது என்று எழுதிவிட்டார்கள். 1951-இல் பாறைத் திட்டுகளில் மறுபடி கண்டுபிடித்த குழுவில் டேவிட் விங்கேட் என்ற 15 வயதுப் பள்ளி மாணவரும் இருந்தார். பின்னாளில் அவரே நான்சச் தீவில் குடியிருந்து, மரம் நட்டு, அந்தப் பறவைக்காக வாழ்க்கையைக் கொடுத்தார். கண்டெடுத்தபோது 18 இணைகள். இப்போது 150 இணைகளுக்கு மேல்.

கஹாவ் பொந்துக்குள் கூடு வைக்கும், இருட்டிய பிறகுதான் கரைக்கு வரும். பொந்துக்குள் அகச்சிவப்பு விளக்கும் கேமராவும் வைத்திருக்கிறார்கள். அந்த ஒளி பறவையின் கண்ணுக்குத் தெரியாது. படம் கறுப்பு வெள்ளையாக இருக்கும். சாம்பல் நிறப் பஞ்சுப் பந்து ஒன்று மண்ணில் தூங்கிக்கொண்டிருக்கும். இதில் என்ன இருக்கிறது என்று முதல் நாள் தோன்றும். ஒரு காலத்தில் உலகத்திலேயே இல்லை என்று எழுதப்பட்ட பறவையின் குஞ்சு அது என்ற நினைவோடு பாருங்கள்.

நம் கடிகாரமும் அவர்கள் கடிகாரமும்

புதிதாகப் பார்ப்பவர்கள் இடறுவது இங்கேதான். நேரலையைத் திறந்தால் திரை இருட்டாக இருக்கும். கேமரா கெட்டுவிட்டது என்று மூடிவிடுவார்கள். அங்கே நடு இரவு, அவ்வளவுதான்.

டனீடின் நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை ஏழரை மணி நேரம். ஜனவரியில் நமக்குப் பிற்பகல் இரண்டு மணி ஆகும்போது அங்கே பொழுது சாய்கிறது. ஜூனில் காலை பத்தரைக்கே சாய்ந்துவிடும். ஆகவே அல்பட்ராஸைக் காலைக் காபியோடு பாருங்கள், எந்த மாதமும் தவறாது. பெர்முடாவில் பிப்ரவரி மாத இரவு நம்முடைய அதிகாலை நாலு மணி வாக்கில் தொடங்கிப் பிற்பகல் நாலு மணி வாக்கில் முடியும். கஹாவ் பெற்றோர் பொந்துக்கு வருவது அந்த இடைவெளியில்தான்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சீல் தீவில் கூடு வைக்கும் பஃபின் பறவைகளுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை பருவம். ஜூனில் அங்கே விடிவது நமக்குப் பிற்பகல் இரண்டரை. நம்முடைய மாலையும் இரவும் முழுக்க அங்கே பகல். வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதுவே தோதானது. எக்ஸ்ப்ளோர் என்ற அமைப்பு, ஆடுபான் சங்கத்தோடு சேர்ந்து இதை ஒளிபரப்புகிறது. ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் பாறையைப் பார்க்க விரும்பினால் நம் மதியமும் சாயங்காலமும் பொருந்தும். அங்கே நார்த் பெரிக் ஊரில் ஸ்காட்டிஷ் கடற்பறவை மையம் 2000-இல் திறந்தது. கடலில் நிற்கும் பாறைக்குப் போகாமலே, கரையில் நின்றபடி கேமராவைத் திருப்பிப் பறவை பார்க்கும் ஏற்பாட்டை மக்களுக்குக் கொடுத்த முன்னோடிகளில் அது ஒன்று.

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பக்கம் சாரல் காலம். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும்; மின்சாரமும் போய் வரும். அதனால் நேரலையைத் தவறவிட்டால் வருந்த வேண்டாம். யூடியூப் நேரலைகள் பலவற்றில் கீழே உள்ள சிவப்புக் கோட்டைப் பின்னோக்கி இழுத்து, 12 மணி நேரம் வரை நடந்ததைப் பார்க்கலாம். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, பறவை வந்து இறங்கும் இடம் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டேட்டா பற்றியும் ஒரு வார்த்தை. படத்தின் தரத்தைத் தானாக விட்டால் ஒரு நாள் டேட்டா ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். தரத்தை 480-இல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபி சுமாருக்கு ஆகும். உட்கார்ந்த பறவையை 240-இல் பார்த்தாலும் போதும். ஏதாவது அசையும்போது கூட்டிக்கொள்ளலாம். ஃபைபர் இணைப்பு உள்ள வீடானால் டிவியில் போட்டுவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கலாம். ஒலியை மட்டும் அணைக்காதீர்கள். பறவை வருவதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லும்.

உண்மையான நேரலை எது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 'நேரலை' என்று போட்டு, பழைய பதிவைச் சுற்றிச் சுற்றி ஓட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள். கணினியே வரைந்த போலிக் காட்சிகளும் வருகின்றன. திமிங்கலம் படகைத் தாண்டிக் குதிக்கும், பென்குயின் மனிதரைக் கட்டிப்பிடிக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு உண்மையான கூட்டைப் பார்த்தால் சலித்துப்போவார்கள். இந்தச் சேதம் பெரியது.

சோதிப்பது எளிது. முதலில், ஒளிபரப்புவது யார் என்று பாருங்கள். பல்கலைக்கழகம், வனத்துறை, அருங்காட்சியகம், பெயர் தெரிந்த பாதுகாப்பு அமைப்பு என்றால் நம்பலாம். அடுத்து அந்த ஊரின் நேரத்தைப் பாருங்கள். அங்கே நள்ளிரவாக இருக்கையில் திரையில் வெயில் அடித்தால் அது நேரலை இல்லை. அந்த ஊரின் வானிலையையும் தேடிப் பாருங்கள். மழை என்று இருந்தால் கேமராக் கண்ணாடியில் துளி இருக்க வேண்டும். உண்மையான கேமராவில் சிலந்தி வலை கட்டும், உப்பு படியும், பறவை எச்சம் விழும், மணிக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காமல் இருப்பது நல்ல அடையாளம்.

கண்ணாடித் தொட்டிக் கேமராவும் காட்டுக் கேமராவும் வேறு வேறு என்பதையும் மனதில் வையுங்கள். கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா மீன்காட்சியகம் கடல் நீர்நாய், சொறிமீன், கெல்ப் பாசிக்காடு என்று பல நேரலைகள் நடத்துகிறது. பருவத்தைப் பொறுத்து நம் இரவு ஏழரை அல்லது எட்டரை மணிக்கு அங்கே காலை ஏழு மணி. பிள்ளைகளுக்குக் காட்ட மிக அருமையான இடம், சொறிமீனின் மூச்சுப் போன்ற அசைவைப் பார்த்தால் கைக்குழந்தையும் அடங்கும். ஆனால் அங்கே உணவு மனிதர் கொடுப்பது, கடல் சுவருக்குள் இருப்பது. அதைப் பார்த்துவிட்டுக் காட்டு நீர்நாயின் வாழ்க்கை இப்படித்தான் என்று எழுதிவிடக் கூடாது.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத, கேட்பதற்கு மட்டுமான நேரலைகளும் உண்டு. அதே மான்டரே விரிகுடாவில் ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் நீரடி ஒலிவாங்கி வைத்திருக்கிறது. கனடாவின் ஹான்சன் தீவில் 1970-இல் தொடங்கிய ஆர்க்காலேப், ஓர்க்காத் திமிங்கலங்கள் பேசிக்கொள்வதை ஒலிபரப்புகிறது. கோடை மாதங்களில் நம் அதிகாலை அங்கே மாலை. இயர்போன் போட்டுக்கொண்டு கேட்க வேண்டும். செல்போன் ஒலிபெருக்கிக்குத் திமிங்கலத்தின் அடித்தொண்டைக் குரல் எட்டாது. பெரும்பாலும் கப்பல் இரைச்சல்தான் கேட்கும். அந்த இரைச்சலுக்குள்தான் அவை வாழ்கின்றன என்பதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியே.

ஆழ்கடல் ரோபோக்களின் நேரலை எப்போதும் இருக்காது. கப்பல் பயணத்தில் இருக்கும்போது மட்டும் வரும். ஷ்மிட் கடல் நிறுவனத்தின் சுபாஸ்டியன் ரோபோவை 2025 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அர்ஜென்டினா விஞ்ஞானிகள் மார் டெல் பிளாட்டாப் பள்ளத்தாக்கில் இறக்கினார்கள். அந்த நாடே வேலையை விட்டுவிட்டு ஸ்பானிய மொழியில் ஆழ்கடல் பாடம் கேட்டது. மன்னார் வளைகுடாவுக்குள் ஒரு கேமரா இறங்கி, நம் விஞ்ஞானிகள் தமிழில் சொல்லிக்கொண்டே போகிற ஒரு நாள் வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

நோட்டுப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நம் நேரம், அந்த ஊர் நேரம், காற்று, மழை, வெயில், கூட்டில் யார் இருக்கிறார், என்ன செய்தார், எவ்வளவு நேரம். இவ்வளவுதான். நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் மாதத்தில் பத்து மணி நேரம் ஆகிவிடுகிறது. 'அழகாக இருந்தது' என்று எழுதாதீர்கள். 'எட்டு நிமிடம் இறகு கோதியது, இரண்டு முறை எழுந்து முட்டையைத் திருப்பியது' என்று எழுதுங்கள். ஒன்றும் நடக்காத நாளையும் எழுதுங்கள். முப்பது நாள் ஆனதும் புரட்டிப் பார்த்தால், எத்தனை நாளுக்கு ஒருமுறை துணை மாறுகிறது, எந்தக் காற்றுக்கு வரவு கூடுகிறது என்று நோட்டே உங்களுக்குச் சொல்லும்.

பஃபின் பார்ப்பவர்கள் அலகில் உள்ள மீன்களை எண்ண வேண்டும். பஃபின் ஒரே நேரத்தில் பல மீன்களை அலகில் குறுக்காக அடுக்கிக்கொண்டு வரும். படத்தை நிறுத்தி எத்தனை மீன், நீளமா, அகலமா என்று எழுதுங்கள். அது வெறும் எண்ணிக்கைப் பயிற்சி அல்ல. 2012 கோடையில் மெய்ன் வளைகுடாவின் தண்ணீர் வழக்கத்துக்கு மீறிச் சூடாகியது. பஃபின் குஞ்சுகள் வழக்கமாகத் தின்னும் ஹேக் மீனும், நம் சாளைக்கு உறவான ஹெர்ரிங்கும் அருகிப்போயின. தெற்குப் பக்கத்து பட்டர்ஃபிஷ் மேலே வந்தது. அது நம் வாவல் மீனுக்கு உறவு. வாவலைப் போலவே தட்டையான, அகன்ற உடம்பு. சீல் தீவின் பொந்துக் கேமராவில் பீட்டி என்று பெயரிட்ட ஒரு குஞ்சை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. பெற்றோர் மீன் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்தன. குஞ்சு ஒவ்வொன்றையும் எடுத்து விழுங்கப் பார்த்தது. தொண்டைக்குள் போகவில்லை. சுற்றிலும் மீன் கிடக்க, அது பட்டினியால் செத்தது.

கடல் சூடாவதைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். வாவல் அளவு மீனை விழுங்க முடியாத அந்தச் சின்னத் தொண்டை சொன்னதை அவை எதுவும் சொல்லவில்லை. நம் மன்னார் வளைகுடாவிலும் 2010, 2016, 2024 ஆண்டுகளில் கடல் சூட்டில் பவளப்பாறைகள் வெளிறின. அதை நேரலையில் பார்க்க நமக்கு வழியிருக்கவில்லை.

சாவைப் பார்க்க நேரும்போது

நேரலை என்றால் இதற்கும் தயாராக இருக்க வேண்டும். குஞ்சு சாகும், முட்டை கூமுட்டையாகும், கடலுக்குப் போன துணை திரும்பாது. பாஸ் ராக்கில் ஒன்றரை லட்சம் கேனட் பறவைகள் இருந்தன. முப்பது மீட்டர் உயரத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் கடலுக்குள் பாயும் பறவை அது. 2022-இல் பறவைக் காய்ச்சல் வந்து பாறை முழுக்கப் பிணமாயிற்று. பிழைத்த சில பறவைகளின் வெளிர்நீலக் கண் கறுத்துப்போயிருந்தது. அந்தக் கறுத்த கண்ணே நோயைத் தாண்டி வந்ததன் அடையாளம் என்பதை ஆய்வாளர்கள் பின்னர் உறுதிசெய்தார்கள்.

பிள்ளைகள் கேட்பார்கள்: "ஏன் யாருமே போய்க் காப்பாத்தல?" நியாயமான கேள்வி. இதற்கு ஒரே பதில் இல்லை. டயரோவா முனையில் தலையிடுகிறார்கள், ஏனென்றால் அது மனிதர் காவலில் உருவான சின்னக் கூட்டம். ஒவ்வொரு குஞ்சும் கணக்கு. கஹாவுக்கும் அப்படியே. பஃபின் பொந்தில் கை வைப்பதில்லை, ஏனென்றால் கடலில் என்ன நடக்கிறது என்று அந்தப் பொந்துதான் சொல்ல வேண்டும். நம் பக்கத்திலேயே கூந்தன்குளத்தில் பறவைகளுக்குக் காவலாக வாழ்ந்து மறைந்த பால்பாண்டி, கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்தார். அங்கே தெருவோர மரத்திலும் வீட்டு முற்றத்து மரத்திலும் நாரை கூடு கட்டுகிறது, ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த ஊரில் அதுவே சரி. எந்தக் கூடானாலும் ஐந்து வயதுப் பிள்ளையைத் தனியே கேமரா முன் உட்கார வைக்காதீர்கள். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் கண்டிப்பான சொல்.

திரையிலிருந்து குளத்துக்கு

மூன்று மாதம் இப்படிப் பழகிய கண்ணோடு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நம் குளக்கரைக்குப் போங்கள். தண்ணீருக்குச் சற்று மேலே, அலகைக் கீழே தொங்கப்போட்டபடி, காற்றை எதிர்த்து மிதந்து வரும் வெளிர்சாம்பல் பறவைகளைப் பார்ப்பீர்கள். மீசை ஆலா. வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு வருவது. தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பூச்சியையும் சின்ன மீனையும் கொத்திக்கொண்டு மேலேறும், முங்காது. ஆற்று ஆலா வேறு. மஞ்சள் அலகும் நீண்ட பிளவு வாலுமாக, தலைகீழாகத் தண்ணீருக்குள் விழும். கேனட் பாய்வதைத் திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முதல் பார்வையிலேயே பிடிபடும். மடைக்கல்லில் சிறகை விரித்துக் காயவைத்து நிற்கும் நீர்க்காகமும் கேனட்டுக்கு ஒன்றுவிட்ட உறவுதான்.

அடுத்து, ஒரு சனிக்கிழமை கடலுக்குப் புறப்படுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். புன்னைக்காயல் முகத்துவாரம், தூத்துக்குடி உப்பளங்கள், கொஞ்சம் தூரம் போக முடிந்தால் தனுஷ்கோடி. தனுஷ்கோடியில் 2025 ஜூன் 5 அன்று 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. பழுப்புத்தலைக் கடற்காகங்களும், செவ்வலகோடு பருத்த காஸ்பியன் ஆலாவும், கொண்டை ஆலாக்களும் மணல்திட்டுகளில் காற்றைப் பார்த்து வரிசையாக நிற்கும். கூட்டத்துக்குள் நடந்து போய் எழுப்பாதீர்கள். ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவை ஓய்வெடுக்கும் இடம் அது.

நம் கடலில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்த விலங்கு கலங்கிய தண்ணீரில் கடற்புல் மேய்ந்துவிட்டு, மூச்சுக்கு மட்டும் மூக்கை மேலே காட்டும். அதைக் காட்டச் சொல்லிப் படகுக்காரரை நச்சரிக்காதீர்கள். பங்குனி ஆமை முட்டையிட ஏறும் இரவுகளில் கடற்கரைக்குப் போக நேர்ந்தால் டார்ச்சும் செல்போன் விளக்கும் வேண்டாம், ஒளியைக் கண்டு அது திரும்பிவிடும், குஞ்சுகளும் வழிமாறிச் சாலைக்கு வந்துவிடும். சென்னையில் மாணவர்கள் 1988 முதல் அமைப்பாகச் சேர்ந்து இரவு இரவாக நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருகிறார்கள். அவர்களோடு நடக்க வாய்ப்புக் கிடைத்தால் போய் வாருங்கள்.

திரையில் பார்த்த பறவையையும் நேரில் பார்த்த பறவையையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். நோட்டின் முன்பக்கத்திலிருந்து கேமராக் குறிப்பு, பின்பக்கத்திலிருந்து நம் ஊர்க் குறிப்பு என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்பவர்கள் நம் குளத்தில் நேரில் கண்டதை மட்டும் பதிவு செய்யுங்கள்.

2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து இதை நடத்துகிறது. நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துக் குளங்களில் ஆசிரியர், மாணவர், விவசாயி என்று பலரும் கரையில் நின்று எண்ணுகிறார்கள். எண்ணத் தெரிந்த கண்கள் எத்தனை இருந்தாலும் போதாது. நோட்டின் முன்பக்கம் பாதி நிறைந்ததும், வரும் தை மாதத்துக் கணக்கெடுப்பில் போய்ச் சேருங்கள். உங்கள் ஊர்க் குளத்தை உங்கள் பொறுப்பில் கேட்டு வாங்குங்கள்.